ஸ்டர்-எல்-காப்பி: லினக்ஸுக்கு வந்து சேர்ந்த பிறகு ஒரு மதிப்புரை

1998 டிசம்பரில் வெளியான ஓபன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தின் 2.4 பதிப்பில் அறிமுகமான, ஸ்டிரிங்கை (எழுத்துத் தொடரை) காப்பி செய்யும் ஒரு சின்ன ஃபங்ஷன், லினக்ஸில் நாம் தினமும் பயன்படுத்தும் ஜிலிப்சி என்கிற அடிப்படை சி லைப்ரரிக்குள் நுழைய 2023 ஆகஸ்ட் வரை ஆகிவிட்டது. ஜிலிப்சி 2.38-இல்தான் வந்தது. உபுண்டு 24.04 வைத்திருப்பவர்களிடம் 2.39 இருக்கும், டெபியன் 13 என்றால் 2.41. தனியாக எதையும் இறக்கிச் சேர்க்கத் தேவையில்லை. ஸ்டிரிங் ஹெடரை இன்க்ளூட் செய்தால் போதும், ஸ்டர்-எல்-காப்பி கையில் இருக்கிறது.

நான் கோவையில் பேருந்துகளின் மின்பலகைக்கும் டிக்கெட் மெஷினுக்கும் சி-யில் ஃபர்ம்வேர் எழுதுகிற ஆள். பெரிய சர்வர், கிளவுட் எல்லாம் என் ஏரியா இல்லை. ஊர்ப் பெயரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் காப்பி செய்வதுதான் என் பிழைப்பில் பாதி. அதனால் இந்த ஃபங்ஷனை, அதன் அண்ணன் தம்பிகளோடு சேர்த்து, கடையில் வாங்கிய பொருளைப் போலவே பாவித்து எழுதுகிறேன். பெயர்களை நிதானமாகப் படியுங்கள். நடுவில் வரும் என், எல், எஸ், சி என்கிற ஓர் எழுத்தில்தான் மொத்த வித்தியாசமும் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் எடை போடுகிறேன்: இடம் போதாதபோது இது என்ன செய்கிறது, அதை என்னிடம் எப்படிச் சொல்கிறது? ஸ்டிரிங் பஃபருக்குள், அதாவது அதற்கென ஒதுக்கிய மெமரி இடத்துக்குள், அடங்கிவிட்டால் எல்லா ஃபங்ஷனும் நல்ல ஃபங்ஷன்தான்.

பழைய ஸ்டர்காப்பியை இந்தக் கேள்வியிடம் நிறுத்தவே முடியாது. இலக்கின் அளவை அது வாங்கிக்கொள்வதே இல்லை. மூலத்தில், ஸ்டிரிங் முடிந்தது என்று காட்டும் பூஜ்ய பைட் வரும் வரை கொட்டிக்கொண்டே இருக்கும், குடம் நிரம்பியது தெரியாத குழாயைப் போல. இதே நோய் இருந்த கெட்ஸ் என்ற ஃபங்ஷனை வைத்துத்தான் 1988 நவம்பரில் மோரிஸ் வார்ம் என்ற இணையப் புழு, பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சர்வருக்குள் புகுந்தது. அங்கே இருந்தது 512 பைட் பஃபர். கெட்ஸை சி11 தரநிலை ஒரேயடியாகத் தூக்கிவிட்டது. ஸ்டர்காப்பி இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், கம்பைல் நேரத்திலேயே நீளம் தெரிந்த மாறிலிகளுக்கு அதனால் ஆபத்தில்லை. கோடின் பதிப்புகளை நிர்வகிக்கும் கிட் திட்டத்தில் 2018-இலிருந்து இதைத் தடை செய்திருக்கிறார்கள். தடை என்றால் எழுத்தில் அல்ல. யாராவது இதை அழைத்தால், 'மன்னிக்கவும், இது தடை செய்யப்பட்ட ஃபங்ஷன்' என்று பொருள்படும் பெயருள்ள, எங்குமே இல்லாத ஒன்றாக மேக்ரோ அதை மாற்றிவிடும். கம்பைலர் அந்தப் பெயரைத் தேடி, கிடைக்காமல் எரர் அடிக்கும். எரர் மெசேஜிலேயே மன்னிப்பும் வந்துவிடும். இப்படி மரியாதையாகத் திட்டுகிற கோடை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்து ஸ்டர்-என்-காப்பி. இதைத்தான் நம் ஊர்க் கல்லூரிகளில் 'பாதுகாப்பானது' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. ஆனால் கோபம் ஃபங்ஷன் மேல் அல்ல, லேபிளை மாற்றி ஒட்டி விற்றவர்கள் மேல். இது வேறு வேலைக்காகப் பிறந்தது. பழைய யூனிக்ஸில் ஒரு டைரக்டரி பதிவுக்கு 16 பைட். அதில் 2 பைட் கோப்பை அடையாளம் காட்டும் ஐநோடு எண்ணுக்கு, மீதி 14 பைட் கோப்பின் பெயருக்கு. பெயர் குறைவாக இருந்தால் மீதியைப் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும். சரியாக 14 எழுத்து இருந்தால் முடிவுக்குப் பூஜ்யம் தேவையில்லை, இடமும் இல்லை. அந்த வேலையை இது கச்சிதமாகச் செய்கிறது. அதை எடுத்து சாதாரண ஸ்டிரிங் காப்பிக்குப் பயன்படுத்தினால் இரண்டு தொல்லை. பெயர் நீண்டுவிட்டால் முடிவுப் பூஜ்யம் வைக்காது. பஃபர் பெரிதாக இருந்தால் தேவையில்லாமல் நிரப்பும்: 4096 பைட் பஃபரில் மூன்று எழுத்தைக் காப்பி செய்யச் சொன்னால் 4093 பூஜ்யங்களை உட்கார்ந்து எழுதும்.

முதல் தொல்லையை எங்கள் மேஜையிலேயே பார்த்தோம். கார்டு ரீடரோடு வந்த ஒரு லைப்ரரி, நிறுத்தத்தின் பெயரை 16 பைட் ஃபீல்டில் ஸ்டர்-என்-காப்பியால் போட்டுத் தரும். காந்திபுரம், சிங்காநல்லூர் என்றெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பிரச்சினையும் இல்லை. பெரியநாயக்கன்பாளையம் வந்ததும் மாட்டியது. ஆங்கில எழுத்துகளில் எண்ணிப் பாருங்கள், 20 வரும். முதல் 16 எழுத்து ஃபீல்டை முழுசாக அடைத்துக்கொண்டது, முடிவு பைட் இல்லை. ஸ்ட்ரக்டில் அதற்கு அடுத்த ஃபீல்டு ஸ்டேஜ் குறியீடு. பிரிண்டர் நிற்க இடம் தெரியாமல் அதையும் சேர்த்து அடித்தது. டிக்கெட்டில் 'பெரியநாயக்கன்பால்'-ஓடு ஒட்டிக்கொண்டு ஒரு பி12. ஸ்டேஜ் குறியீட்டின் கடைசியில் பூஜ்யம் இருந்ததால் அதோடு நின்றது. இல்லையென்றால் எதுவரை போயிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம்.

அந்த லைப்ரரியை எழுதியவர்களைக்கூட முழுசாகக் குறை சொல்ல முடியாது. நிலையான அகலமுள்ள ஃபீல்டு என்று ஆவணத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அப்போது படிக்கிற பக்கம் பிரின்ட்எஃப்-இல் '16 எழுத்துக்கு மேல் போகாதே' என்று துல்லிய எண் கொடுத்துப் படித்திருக்கலாம். கார்டில் எழுதும் பதிவுகளுக்கு நாங்கள் இன்றும் ஸ்டர்-என்-காப்பிதான் வைத்திருக்கிறோம். மீதி இடம் பூஜ்யமாக இருந்தால்தான் ஒரே பெயருக்கு எப்போதும் ஒரே சிஆர்சி (பிழை சரிபார்க்கும் எண்) வரும், மெமரியில் கிடந்த பழைய குப்பை கார்டுக்குப் போகாது. ஜிசிசி கம்பைலரில், பதிப்பு 8-இலிருந்து, இந்த மாதிரி ஃபீல்டை 'இது ஸ்டிரிங் இல்லை' என்று அறிவிக்க ஒரு ஆட்ரிபியூட் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கம்பைலரின் முணுமுணுப்பும் நின்றுவிடும்.

சரி, கதாநாயகனுக்கு வருகிறேன். ஸ்டர்-எல்-காப்பியை எழுதியவர்கள் டாட் மில்லரும் தியோ டி ராட்டும். இலக்கு, மூலம், இலக்கின் மொத்த அளவு என்று மூன்று விஷயம் கொடுக்க வேண்டும். அளவில் ஒன்று கழிக்கிற வேலை நமக்கு இல்லை, பஃபரின் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப்-ஐ அப்படியே கொடுக்கலாம். அளவு பூஜ்யமாக இல்லாத வரை முடிவுப் பூஜ்யத்தை வைத்தே தீரும். தேவையில்லாமல் நிரப்பாது. திருப்பித் தருவது மூலத்தின் முழு நீளத்தை. எவ்வளவு காப்பி ஆனது என்பதையல்ல, எவ்வளவு இடம் தேவைப்பட்டது என்பதைச் சொல்கிறது. அந்த எண் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் வெட்டுப்பட்டது என்று அர்த்தம்.

'சமமாகவோ' என்பதை விட்டுவிட்டு 'அதிகமாக இருந்தால்' என்று மட்டும் எழுதிய கோடு ஊர் உலகமெல்லாம் கிடக்கிறது. 16 பைட் பஃபரில் 16 எழுத்துப் பெயர் வந்தால் கடைசி எழுத்து போய்விடும், அந்த ஒப்பீடு 'எல்லாம் நலம்' என்று சொல்லும். அடுத்தவர் கோடை ரிவ்யூ செய்யும்போது நான் முதலில் தேடுவது இந்த ஒரு குறியைத்தான்.

இரண்டாவது பொறி சைஸ்ஆஃப். அரேயை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பிவிட்டால் உள்ளே அது வெறும் மெமரி முகவரியான பாயின்டர்தான். 64 பிட் மெஷினில் அதன் சைஸ்ஆஃப் 8. பஃபர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஏழு எழுத்தோடு பெயர் நின்றுவிடும். வழிந்து கெடுக்காது, அதனால் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பயணி கையில் இருக்கும் டிக்கெட்டில் 'பொள்ளாச்' என்று இருந்தால் யாருக்கு என்ன பயன்? ஜிசிசி இதற்கு ஓரளவு வார்னிங் தருகிறது, வார்னிங்கைப் படிக்கிறவர்களுக்கு.

இனி இதன்மேல் இருந்த பழைய வழக்கு. 2000-ஆம் ஆண்டிலேயே ஜிலிப்சியில் சேர்க்கக் கேட்டார்கள். அப்போது அதைப் பராமரித்த உல்ரிச் ட்ரெப்பர், திறமையற்ற பிஎஸ்டி குப்பை என்கிற ரீதியில் திட்டி அனுப்பிவிட்டார். அவர் வாதம், நீளத்தை அறிந்தவன், இத்தனை பைட் என்று எண்ணிக் காப்பி செய்யும் மெம்காப்பி போடட்டும், அறியாதவனுக்குச் சத்தமில்லாமல் வெட்டிக்கொடுத்தால் வேறு பிழைதான் வரும் என்பது. இடைப்பட்ட வருடங்களில் ஆளுக்கொரு பிரதி எழுதிக்கொண்டார்கள். கிட்டிடம் ஒன்று, ஆர்சிங்கிடம் ஒன்று, போஸ்ட்கிரஸிடம் ஒன்று, எங்களிடமும் ஒன்று. மேக், ஃப்ரீபிஎஸ்டி, ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஏற்கெனவே இருந்தது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்காகப் பின்னர் 2024-இல் வெளிவந்த புதிய போசிக்ஸ் தரநிலையில் இடம் முன்கூட்டியே உறுதியானதுதான் ஜிலிப்சியின் கதவையும் திறந்தது. ட்ரெப்பர் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வாதத்தில் பாதி நியாயம் என்று இத்தனை வருடம் பயன்படுத்திய பிறகு சொல்லத் தோன்றுகிறது.

நியாயமான பாதி எது என்றால், அந்த முழு நீளக் கணக்கு. மூலத்தின் முழு நீளத்தைச் சொல்ல வேண்டுமானால் மூலத்தை முழுக்கப் படித்தாக வேண்டும். ஜிலிப்சியின் உள்ளே பார்த்தால் முதலில் நீளம் அளக்கும் ஸ்டர்லென், அப்புறம் மெம்காப்பி, அவ்வளவுதான். ஊர்ப் பெயர் போன்ற 20, 30 பைட்டுக்கு இது ஒரு செலவே இல்லை. ஆனால் பெரிய கோப்பை மொத்தமாக மெமரியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதன் நடுவிலிருந்து 15 பைட் ஃபீல்டு ஒன்றை இதனால் எடுத்துப் பாருங்கள். அந்த இடத்திலிருந்து கோப்பின் கடைசி வரை ஒருமுறை ஓடிப்போய் நீளம் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்து 15 பைட் தரும். அடுத்த ஃபீல்டுக்கு மறுபடியும் ஓட்டம். 2021-இல் ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு திறக்க நிமிடக்கணக்கில் ஆனதற்குக் காரணம் தேடிய ஒரு பயனர், 10 எம்பி ஜேசன் கோப்பில் ஒவ்வொரு மதிப்பையும் படிக்கும்போது முழு நீளமும் மறுபடி மறுபடி அளக்கப்படுகிறது என்று கண்டுபிடித்தார். அங்கே குற்றவாளி எஸ்ஸ்கேன்எஃப், ஆனால் நோய் இதேதான். அதைச் சரி செய்ததில் லோடிங் நேரம் பெருமளவு குறைந்தது.

இன்னொன்று, மூலத்தின் முடிவில் பூஜ்யம் இருக்கிறது என்று இது நம்பிவிடுகிறது. மேலே சொன்ன 16 பைட் கார்டு ஃபீல்டை மூலமாகக் கொடுத்தால், இலக்கு பத்திரமாக இருக்கும், படிக்கிற பக்கம் எல்லை தாண்டிப் போகும். நெட்வொர்க்கிலிருந்து வந்த பாக்கெட்டுக்கும் அதே கதி. பெயரில் பாதுகாப்பு என்று இருப்பதெல்லாம் எழுதுகிற பக்கத்துக்கு மட்டும்தான்.

லினக்ஸ் கெர்னல்காரர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு 2015-இல், பதிப்பு 4.3-இல், ஸ்டர்-எஸ்-காப்பி என்று சொந்தமாக ஒன்று செய்துகொண்டார்கள். அது தேவையான அளவுக்கு மேல் மூலத்தைத் தொடாது. அடங்கினால் காப்பியான எழுத்துகளின் எண்ணிக்கை, வெட்டுப்பட்டால் மைனஸ் ஏழு என்கிற எரர். வெட்டுப்பட்டதைச் சொல்லும் விதத்தில் இந்தக் குடும்பத்திலேயே இதுதான் எனக்குப் பிடித்தது. 'சமமா, அதிகமா' என்ற குழப்பமே இல்லை, மைனஸ் என்றால் மைனஸ். இப்போதெல்லாம் கெர்னலில் அளவைக் கொடுக்காமலும் அழைக்கலாம். இலக்கு உண்மையான அரேயாக இல்லாவிட்டால் கம்பைலே ஆகாது, சைஸ்ஆஃப் பொறிக்கும் அங்கேயே வைத்தியம். இதைச் சேர்த்தபோது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் போட்ட நிபந்தனை ருசியானது: பழைய கோடை எல்லாம் மொத்தமாக இதற்கு மாற்றுகிறேன் என்று யாரும் பேட்ச் அனுப்பக் கூடாது. நன்றாக ஓடுகிற கோடை யோசிக்காமல் மாற்றப்போய்ப் புதிய பிழை வரும் என்பது அவர் அனுபவம். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மாற்றி, 2024-இல் வந்த 6.8-இல் ஸ்டர்-எல்-காப்பியைக் கெர்னலிலிருந்து முழுசாகவே எடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜிலிப்சி அதை வரவேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஸ்டர்-எஸ்-காப்பி நமக்குக் கிடைக்காது, கெர்னலுக்குள் மட்டும்தான். வெளியே வேண்டுமானால் நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் பக்கத்து ஸ்டர்காப்பி-அண்டர்ஸ்கோர்-எஸ் பற்றி இரண்டு வரி போதும். சி11-இன் பின்னிணைப்பு கே-யில் ஏறியது, ஜிலிப்சி அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. விஷுவல் சி-யில் இடம் போதாவிட்டால் வழக்கமாக நிரலையே நிறுத்திவிடும். ஓடுகிற பேருந்தில் டிக்கெட் மெஷின் செத்துப்போனால் கண்டக்டர் முகத்தில் யார் விழிப்பது?

எஸ்என்பிரின்ட்எஃப்-ஐ ஒதுக்க முடியாது. எண்ணும் எழுத்தும் கலந்து ஒரு வரி அமைக்க வேண்டுமென்றால் இதைவிட நல்லது சி-யில் இல்லை, சி99 முதல் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, ஜிசிசி 7 முதல் வெட்டுப்படும் என்று முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்கிறது. வெறும் காப்பிக்கு மட்டும் இதை அழைப்பது வீண் செலவு. ஃபார்மேட்டைப் பிரித்துப் படிக்கும் வேலை ஒவ்வொரு முறையும் நடக்கும். சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் இது ஒன்றைச் சேர்த்ததுமே ஃபிளாஷில் கிலோபைட் கணக்கில் இடம் போவதை மேப் கோப்பில் பார்க்கலாம். ஃபார்மேட் இருக்க வேண்டிய இடத்தில் வெளியிலிருந்து வந்த ஸ்டிரிங்கை நேரடியாகக் கொடுக்கிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

யாரும் பேசாத ஒரு பொருள் அலமாரியின் மூலையில் இருக்கிறது: மெம்-சி-காப்பி. யூனிக்ஸில் பல காலமாக இருந்து, சி23-இல் தரநிலைக்குள்ளும் வந்துவிட்டது. இத்தனை பைட் வரை காப்பி செய், நடுவில் இந்தக் குறிப்பிட்ட பைட் வந்தால் அதையும் காப்பி செய்துவிட்டு நில் என்பதுதான் இதன் வேலை. அந்தப் பைட்டைப் பார்த்துவிட்டால் இலக்கில் அதற்கு அடுத்த இடத்தின் பாயின்டர் கிடைக்கும், பார்க்காவிட்டால் நல் (காலி பாயின்டர்). நிறுத்தும் பைட்டாகப் பூஜ்யத்தைக் கொடுத்தால் அதுவே ஸ்டிரிங் காப்பி. மூலத்தில் ஒரு பைட்டைக்கூட அதிகமாகப் படிக்காது. கிடைத்த பாயின்டரைக் கொண்டே அடுத்த துண்டை ஒட்டிக்கொண்டு போகலாம், ஸ்டிரிங்குகளை ஒட்டும் ஸ்டர்கேட் மாதிரி ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து தேடி வர வேண்டியதில்லை. நல் வந்தால் கடைசி பைட்டில் பூஜ்யம் வைப்பது மட்டும் நம் பொறுப்பு.

இதை நான் விரும்பியது ஜிபிஎஸ் வேலையில். பேருந்தில் இருக்கும் ஜிபிஎஸ் சிப் தருவது என்எம்இஏ வரிகள். ஒரு வரி 82 எழுத்தைத் தாண்டாது, ஃபீல்டுகளுக்கு நடுவே காற்புள்ளி. நிறுத்தும் பைட்டாகக் காற்புள்ளியைக் கொடுத்துவிட்டால் ஒரே அழைப்பில் ஒரு ஃபீல்டு வந்து விழும். திரும்பிய பாயின்டருக்கு முந்தைய இடத்தில் பூஜ்யம் வைத்தால் ஸ்டிரிங் தயார். ஸ்டிரிங்கைத் துண்டாக்கும் ஸ்டர்டோக் போல மூல வரியைச் சிதைக்காது, அடுத்தடுத்த இரண்டு காற்புள்ளிக்கு நடுவே இருக்கும் காலி ஃபீல்டையும் விழுங்காது. சிக்னல் இல்லாத இடத்தில் அந்தக் காலி ஃபீல்டுகள்தானே முக்கியம். ஒரே ஜாக்கிரதை, காற்புள்ளியைத் தேடும்போது இது பூஜ்யத்தைப் பார்த்து நிற்காது. அதனால் இலக்கின் அளவு, வரியில் மீதி இருக்கும் பைட் இரண்டில் எது குறைவோ அதைத்தான் எண்ணிக்கையாகக் கொடுக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு, நம் ஆட்களுக்கு மட்டும் தினமும் இடிப்பது. தமிழ். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட். 'கோயம்புத்தூர்' என்பதை நாம் ஏழு எழுத்து என்போம். மெய்ப்புள்ளி, உயிர்மெய்க் குறி எல்லாம் தனித்தனி என்பதால் கணினிக்கு அது 13 குறியீட்டுப் புள்ளி. ஆக 39 பைட், முடிவோடு 40. ஆங்கிலத்தை நினைத்து யாரோ வைத்த 32 பைட் பஃபரில் இதை ஸ்டர்-எல்-காப்பியால் போட்டால் 31 பைட் உள்ளே போகும். பத்துப் புள்ளிகள் முழுசாக, அப்புறம் 'தூ'வின் ஊகாரக் குறியிலிருந்து முதல் பைட் மட்டும் அநாதையாக. பலகையில் 'கோயம்புத்த' என்று ஓடி, கடைசியில் ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி. ஃபங்ஷன் மேல் தப்பில்லை, அது பைட்டை எண்ணும், எழுத்தை எண்ணாது.

திருத்துவது கடினமில்லை. வெட்டுப்பட்டது என்று தெரிந்ததும், விடுபட்ட முதல் பைட்டைப் பாருங்கள். அதன் மேல் இரண்டு பிட் 10 என்றிருந்தால் ஓர் எழுத்தின் நடுவில் வெட்டியிருக்கிறோம். அப்படி இல்லாத பைட் வரும் வரை பின்னால் நகர்ந்து அங்கே பூஜ்யம் வையுங்கள். இங்கே 30-ஆவது பைட்டோடு நிற்கும், கேள்விக்குறி போய்விடும். ஆனாலும் 'கோயம்புத்த' என்பது ஊர் இல்லை. அடுத்து வருவது துணைக்குறி என்றால் 'த'வையும் சேர்த்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் 'கோயம்புத்'. இதுவும் ஊர் இல்லை. கடைசியில் நாங்கள் செய்தது, பெயர் வெட்டுப்பட்டால் பெயரையே காட்டாமல் தட எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டுவது. பயணிகள் எண்ணைப் பார்த்துத்தான் ஏறுகிறார்கள். இந்த முடிவை எந்த லைப்ரரி ஃபங்ஷனும் எனக்காக எடுத்திருக்க முடியாது, வெட்டியதை மறைக்காமல் சொன்னால் போதும். ஸ்டர்-எல்-காப்பி சொல்கிறது. கேட்கிறோமா என்பதுதான் கேள்வி.

அதில்தான் என் பெரிய குறையும் இருக்கிறது. ஜிலிப்சியில் இதன் ரிட்டர்ன் மதிப்பை யாரும் பார்க்காமல் விட்டாலும் கம்பைலர் மூச்சு விடாது. 'பார்க்காமல் விட்டால் எச்சரி' என்ற ஆட்ரிபியூட்டைச் சேர்க்காமல் அறிவித்திருக்கிறார்கள். இத்தனை வருடம் சண்டை போட்டது 'சத்தமில்லாமல் வெட்டும்' என்று, வந்து சேர்ந்த பொருளும் சத்தமில்லாமல்தான் வெட்டுகிறது.

வாங்குகிறவர்களுக்கு வேறு சில குறிப்புகள். கம்பைலருக்குக் கறாராக சி11 என்று தரநிலையைக் கொடுத்தால் இந்தப் பெயர் ஹெடரில் தெரியாது. குனு வகை சி11 கொடுங்கள், அல்லது டிஃபால்ட் சோர்ஸ் மேக்ரோவைப் போடுங்கள். ஜிசிசி 14 என்றால் இது வார்னிங் இல்லை, நேரடியாக எரர். உங்கள் கோடில் ஏற்கெனவே சொந்தமாக ஸ்டாடிக் பிரதி இருந்தால் புதிய லைப்ரரியோடு மோதும். எங்களுக்கு மோதியது, பெயரை மாற்ற ஐந்து நிமிடம். பெரிய தலைவலி வேறு. உபுண்டு 24.04-இல் கட்டிய நிரலை 22.04 ஓடும் பழைய டிப்போ கணினிக்கு எடுத்துப் போனால், ஜிலிப்சி 2.38 இல்லை என்று சொல்லித் தொடங்கவே மறுக்கும். அங்கே இருப்பது 2.35. டெபியன் 12-க்கும் இதே கதை, அது 2.36. அந்த மெஷின்களுக்குப் பழையபடி இந்த ஃபங்ஷனைத் தனியாகத் தரும் லிப்பிஎஸ்டி பேக்கேஜ்தான், இல்லையென்றால் சொந்தப் பிரதி. மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் நியூலிப் என்ற சின்ன சி லைப்ரரி வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை, அதில் ஏற்கெனவே இருக்கிறது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. முடிவுப் பூஜ்யம் உள்ள, சின்ன ஸ்டிரிங்குகளுக்கு இதைத் தயங்காமல் எடுங்கள். நீளம் ஏற்கெனவே கையில் இருந்தால் இது எதுவும் வேண்டாம், அளவை ஒப்பிட்டுவிட்டு மெம்காப்பி போடுங்கள், அதைவிட வேகமும் இல்லை, தெளிவும் இல்லை. மூலமும் இலக்கும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மட்டும் மெம்மூவ். 2010-இல் ஜிலிப்சியின் மெம்காப்பி காப்பி செய்யும் திசை மாறியதும் ஃபெடோரா 14-இல் ஃபிளாஷ் பிளேயரின் ஒலி கரகரத்தது, படிந்த இடத்தில் மெம்காப்பி போட்டிருந்த காரணத்தால். ஃபீல்டு பிரிக்கும் வேலைக்கு மெம்-சி-காப்பி, அதற்கு நாலரை கொடுப்பேன்.

எங்கள் கோடில் இப்போது எதையும் நேரடியாக அழைப்பதில்லை. வெட்டுப்பட்டால் மைனஸ் தருகிற, ரிட்டர்னைப் பார்க்காவிட்டால் கம்பைலர் கத்துகிற ஓர் இன்லைன் ஃபங்ஷன், உள்ளே மெம்-சி-காப்பி. ஸ்டர்காப்பி, ஸ்டர்கேட் இரண்டையும் பெயரைப் பயன்படுத்தினாலே எரர் தரும் ஜிசிசி-யின் பாய்சன் பிராக்மாவில் போட்டாகிவிட்டது. முதல் பில்டில் வந்த எரர் ஒரு திரையில் அடங்கவில்லை. பாதிக்கு மேல் சரி செய்துவிட்டோம், பலகை மாட்யூலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.